ரத்தம் சொன்னாத்தான்

"நான் சொன்னா நம்பமாட்டே. ரத்தம் சொன்னாத்தான் நம்புவே." ஆட்டோவில் ஒருமுறை, லேப் படியேறும்போது ஒருமுறை, இப்போது ஊசி குத்தின கையை மடக்கிப் பஞ்சை அழுத்திக்கொண்டு மூன்றாம் முறையாகவும் அதையே, ஒரு சொல் மாறாமல், ஜெபமாலையில் அடுத்த மணிக்கு விரலை நகர்த்துகிறவள் போல நிதானமாகச் சொன்னாள் ரெனிட்டா. பன்னிரண்டு வயது. குரல் கரகரத்து, அறுபது வயதுக்காரி பேசுவது போல இருந்தது. "மூணு நாளா சொல்றேன் தொண்டை வலிக்குதுன்னு. நான் சொன்னா நம்பமாட்டே." அம்மா எமல்டா பல்லைக் கடித்துக்கொண்டு, "வாயை மூடு, எல்லாரும் பார்க்கிறாங்க" என்றாள். "காலையில வாயைத் திறன்னே. இப்ப மூடுங்கறே. எதைச் செய்யணும், ஒண்ணைச் சொல்லு." எமல்டாவின் வலது கை தானாகவே மடியிலிருந்து எழுந்தது. அவள் எழுப்பவில்லை, அதற்கு இப்போதெல்லாம் யாருடைய அனுமதியும் தேவைப்படுவதில்லை. ஏழு பேர் உட்கார்ந்திருக்கிற ஹாலில், சுவரில் மாட்டின டிவியில் யாரோ சத்தமில்லாமல் சாம்பார் தாளித்துக்கொண்டிருக்க, அந்தக் கை காதுயரம் வரைக்கும் போய், அங்கே கொஞ்சம் நின்று, பிறகு போக்கிடம் இல்லாமல் முடியை ஒதுக்கிவிடுகிற மாதிரி பாசாங்கு செய்து கீழே இறங்கியது. அதைக் கைப்பைக்கு அடியில் வைத்து, மேலே பையை அழுத்தி, அதன்மேல் இடது கையையும் வைத்துக்கொண்டாள். நாயைக் கட்டிப்போடுகிற மாதிரி. ரெனிட்டா பார்த்தாள். கண் இமைக்கவில்லை. அந்தக் கண்கள் இப்போது எப்போதுமே இமைக்க மறந்தவைபோலத்தான் இருக்கின்றன. எழுந்துபோய் நாலு நாற்காலி தள்ளி, மீன்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஊசி குத்தின பெண், வளர்மதி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தவள், ஜன்னலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "முக்கால் மணி நேரம் ஆகும்க்கா, அவசரம்னு மேல எழுதிட்டேன்" என்றாள். மணி பத்து இருபது.

முக்கால் மணி நேரம். ஒரு குக்கர் பருப்பு, ஒரு பொரியல், இரண்டு வாளித் துணி. எமல்டாவுக்கு நேரம் என்றால் வேலைதான்; வெறும் நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. இடது கை ஆள்காட்டி விரல் விண்விண் என்று தெறித்தது. காலையில் பிள்ளையின் பல் பட்ட இடம். மேலே மூன்று, கீழே இரண்டு, சின்னச் சின்னக் கோடு, நடுவில் ஒன்று மட்டும் ஆழமாக இறங்கி ரத்தம் கட்டியிருந்தது. கடிக்கட்டும். இன்னும் நன்றாகக் கடித்திருக்கலாம். எலும்பு வரைக்கும் போயிருந்தால் இவளும் அந்த ஜன்னலில் கையை நீட்டி, எனக்கும் ஒரு சீட்டு எழுதும்மா என்று கேட்டிருப்பாள். பக்கத்து நாற்காலியில் வேட்டி கட்டின பெரியவர் மூடிபோட்ட சின்ன டப்பாவைக் கைக்குட்டைக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டு, "பாப்பாவுக்கு என்னம்மா?" என்றார். "தைராய்டு." "அது குண்டாகிற வியாதியாச்சே. பாப்பா ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கு." "அது கம்மியா சுரந்தா. இது கூடச் சுரக்குது." "சின்னப் பிள்ளைக்கெல்லாமா வரும்?" "உங்களுக்கு என்ன வந்திருக்கு?" "சுகரும்மா." "அப்ப அதைப் பாருங்க." அவர் டப்பாவைப் பார்த்துக்கொண்டார். இவளுக்கு உடனே வருத்தமாக இருந்தது, ஆனால் மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு இல்லை. ஊரில் எல்லாருக்கும் தைராய்டு என்றால் தெரியும். புருஷன் சேசுராஜின் அக்காவுக்கு இருக்கிறது, எதிர்வீட்டுக்காரிக்கு இருக்கிறது, காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அதைச் சாப்பிட்டு அரைமணி கழித்துக் காபி, அவ்வளவுதானே என்பார்கள். கூடவா, குறைவா, எந்தப் பக்கம் என்று ஒருத்தியும் கேட்க மாட்டாள். ஆறு தோசை தின்றுவிட்டு ஏழாவதுக்குத் தட்டை நீட்டுகிற பிள்ளை ஒரே வருஷத்தில் ஏழு கிலோ இறங்கினால், டிசம்பரில் ஃபேனை ஐந்தில் வைத்தும் முதுகு நனைந்தால், ஒரு இடத்தில் இரண்டு நிமிஷம் உட்காராமல் காலை ஆட்டிக்கொண்டே இருந்தால், பெற்றவள் என்ன நினைப்பாள். திமிர் என்று நினைப்பாள். எமல்டா நினைத்தாள். திமிருக்கு என்ன வைத்தியமோ அதைத்தான் செய்தாள்.

எட்டணா. அந்த எட்டணாவை நினைக்கக் கூடாது என்றுதான் காலையிலிருந்து பார்க்கிறாள். நாக்கு சொத்தைப் பல்லையே தேடிப்போகிற மாதிரி புத்தி அங்கேயே போகிறது. கான்வென்ட்டில் நாலாம் வகுப்புக்குக் கையெழுத்து எடுத்த சிஸ்டர் பெர்னதெத், ஒவ்வொருத்தியின் புறங்கையிலும் ஒரு எட்டணா வைப்பார். நாலுகோட்டு நோட்டில் ஒரு பக்கம் முழுக்க, கூட்டெழுத்தில், சாய்வு மாறாமல், கொக்கி தப்பாமல் எழுதி முடிக்கிற வரைக்கும் அந்த நாணயம் விழக்கூடாது. விழுந்தால் சத்தம் கேட்கும். சத்தம் கேட்டால் சிஸ்டரின் செருப்புச் சத்தம் கேட்கும். பிறகு மரஸ்கேல், தட்டையாக இல்லை, விளிம்பால், விரல் முட்டிகளில். எமல்டாவுக்கு முதல் வாரம் ஒன்பது தடவை விழுந்தது. இரண்டாம் வாரம் மூன்று. அதற்கப்புறம் விழவே இல்லை. அந்த வருஷம் கையெழுத்துக்கு மெடல் வாங்கினாள், இன்னும் அலமாரியில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைக் கவர் எல்லாவற்றுக்கும் அவளே விலாசம் எழுதினாள், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சேசுராஜின் சூப்பர்வைசர், "பிரிண்டிங்காடா?" என்று கேட்டாராம். படித்த பி.ஏ. எதற்கும் ஆகவில்லை, வேலைக்குப் போகவில்லை, ஆனால் பால் கணக்குச் சீட்டில்கூட அவள் எழுத்தைப் பார்த்தவர்கள் ஒரு கணம் நின்று பார்ப்பார்கள். அப்படிப்பட்டவளின் பெண் ஜூன் மாதம் கொண்டுவந்த நோட்டைப் பார்க்க வேண்டுமே. கோழி கிளறின மாதிரிகூட இல்லை. கோழிக்கு ஒரு ஒழுங்கு உண்டு. எழுத்தெல்லாம் பல்பல்லாக, கோடுகள் ரம்பம் மாதிரி. மிஸ் சிவப்பு மையில், கவனமில்லை என்று எழுதியிருந்தார். கவனமில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு, விளக்கேற்றி ஜெபம் முடிந்த கையோடு, சாப்பாட்டு மேசையில் பிள்ளையை உட்காரவைத்து, புறங்கையில் எட்டணாவை வைத்தாள். செல்லாத காசு, அதற்காகவே எடுத்து வைத்திருந்தாள். இரண்டாவது வார்த்தை முடியவில்லை, விழுந்தது. ஸ்கேல். மறுபடி. விழுந்தது. ஸ்கேல். "நான் வேணும்னு பண்ணலம்மா, கை அதுவா ஆடுது." "அதுவா ஆடுதா, நான் நிறுத்தறேன் பாரு." பதினொரு தடவை. பன்னிரண்டாவதில் பிள்ளையே மேசையிலிருந்த காசை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. விழுங்கிவிடுவேன் என்று பார்த்தது. எமல்டா தாடையைப் பிடித்துப் பிதுக்கி, விரலை விட்டு வெளியே எடுத்தாள். அன்றைக்குத்தான் முதன்முதலில் அந்த வாய்க்குள் விரலை விட்டது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட். விடுகிறதாக இல்லை அவள். நாணயம் விழாமல் இருக்கிற நாள் வரும் என்று தன் முட்டிகளைப் பார்த்துப் பார்த்து நம்பினாள். தன் கையில் வராமலா போயிற்று. ஒருநாள் சேசுராஜ் ஷிப்ட் முடிந்து வந்து, டிபன் டப்பாவை வைத்துவிட்டு, "விடு எமி, கம்ப்யூட்டர் காலத்துல கையெழுத்து எதுக்கு" என்றார். "அப்ப நீங்க ஒழுங்கா இருந்தா நான் எதுக்கு" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் புரியவில்லை, அவளுக்கும் புரியவில்லை, ஆனால் அவர் டிபன் டப்பாவைக் கழுவப் போய்விட்டார், அது போதும்.

மீன்தொட்டியில் ஒரு மீன் இன்னொரு மீனைத் துரத்திக்கொண்டேயிருந்தது. வாலைக் கடிக்கிறது, விடுகிறது, சுற்றி வந்து மறுபடியும் கடிக்கிறது. யாராவது பிரித்துப் போடக்கூடாதா. தொட்டியைத் தூக்கித் தரையில் போட்டால் இரண்டும் பிரிந்துவிடும். கண்ணாடி நொறுங்கி, தண்ணீர் பாய்ந்து, அந்தப் பெரியவரின் டப்பாவும் உருண்டு, வளர்மதி அலறிக்கொண்டு ஓடிவந்து, அந்தச் சத்தத்தில் இந்த முக்கால் மணி நேரம் செத்துப்போகும். எமல்டா அதைச் செய்து முடித்துவிட்டவள் போல மூச்சு வாங்கினாள். மணி பத்து முப்பத்தைந்து. செப்டம்பரில் தையல் டீச்சர்தான் சொல்லியனுப்பினார், பிள்ளை கழுத்து வீங்கியிருக்கிற மாதிரி தெரிகிறது, காட்டுங்கள் என்று. ஊசியில் நூல் கோக்க முடியாமல் பிள்ளை அழுததாம். குழந்தைகளின் சுரப்பி வியாதிகளுக்கென்று படித்த டாக்டர் தில்லைநாயகி, சின்ன உருவம், பேச்சில் அவசரமே கிடையாது. அதுவே எமல்டாவுக்கு எரிச்சலாக இருந்தது. நாடி பார்த்தார், நூற்று முப்பது என்றார். கழுத்தில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு, "ரெண்டு கையையும் நீட்டும்மா, விரலை விரிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அந்த விரல்கள்மேல் வைத்தார். தாள் நடுங்கியது. ஓரங்கள் படபடவென்று, ஃபேனுக்கு அடியில் வைத்த காலண்டர் மாதிரி அடித்துக்கொண்டன. ஃபேன் ஓடவில்லை. பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு, தாள் விழாமல் இருக்க உடம்பு மொத்தத்தையும் இறுக்கிக்கொண்டு, தாளைப் பார்க்காமல் எமல்டாவைப் பார்த்தது. விழுந்தால் அம்மா என்ன செய்வாள் என்று. "இறுக்காதம்மா, ஆடட்டும். அது ஆடணும்னுதான் வெச்சேன்" என்றார் டாக்டர். "இந்த நடுக்கத்தை அவளால நிறுத்த முடியாது. யாராலயும் முடியாது. வைத்தியம் பண்ணா தானா நிக்கும்." பிறகு விரல் முட்டிகளைத் திருப்பிப் பார்த்தார். கருநீலமாக நாலு முட்டியும். "இது என்ன?" எமல்டா சொல்ல வாயைத் திறந்தாள், சொல்லியிருப்பாள், ஆனால் ரெனிட்டா முந்திக்கொண்டாள். "கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு ஆன்ட்டி." நாலு விரலும், இரண்டு கையிலும், கதவு இடுக்கில். டாக்டர் எமல்டாவை ஒரு பார்வை பார்த்தார், ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார். அந்தப் பொய்யை எமல்டா இன்னும் மன்னிக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். காப்பாற்றிவிட்டால் என்ன செய்வது. வீட்டுக்கு வந்ததும் அந்த எட்டணாவைக் கொல்லைக் குப்பையில் விட்டெறிந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ரத்த ரிப்போர்ட் வந்த அன்றைக்கும் பிள்ளை கேட்டது அது ஒன்றுதான்: "இப்ப நம்பறியா? நான் சொன்னப்ப நம்பலை. ரத்தம் சொன்னாத்தான் நம்பறே."

டாக்டர் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அவசரமில்லாமல் விளக்கினார். கழுத்தில் இருக்கிற சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது. உடம்பே தனக்கு எதிராக ஒரு ஆளைத் தயார்செய்து அனுப்புகிறது, அவன் போய்ச் சுரப்பியின் முதுகில் நின்றுகொண்டு, இன்னும், இன்னும் என்று விரட்டுகிறான். அப்படியென்றால் அந்தப் பிள்ளையை விரட்ட வெளியே ஒருத்தி, உள்ளே ஒருத்தன் என்று எமல்டாவுக்குத் தோன்றியது. "முதல்ல மாத்திரை. சுரக்கறதைக் குறைக்க ஒண்ணு, நெஞ்சுப் படபடப்புக்கு ஒண்ணு. ரெண்டு வருஷம், சில பிள்ளைங்களுக்கு அதுக்கு மேலயும் ஆகும். விட்டுவிட்டு ரத்தம் பார்க்கணும். அடங்கலைன்னா சுரப்பியை ஆபரேஷன்ல எடுக்கலாம், இல்லைன்னா வளர்ந்த பிள்ளைங்களுக்குக் கதிரியக்க அயோடின்னு ஒண்ணு வாய்வழியாவே குடுக்கறாங்க, அது உள்ளே போய்ச் சுரப்பியை மட்டும் சுட்டுடும். ரெண்டுலயும் சுரப்பி போயிடும், அப்புறம் ஆயுசுக்கும் தினம் ஒரு மாத்திரை." கழுத்தில் கத்தியா. ஆபிரகாம் கடவுளுக்குப் பலிகொடுக்கப் பிள்ளை ஐசக்கைக் கட்டிப்போட்டுக் கத்தியை ஓங்கின படம் கான்வென்ட் வராந்தாவில் இருந்தது. தேவதூதர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார், ஆனால் எமல்டா ஒவ்வொரு தடவை கடந்துபோகும்போதும் ஐசக்கின் முகத்தைத்தான் பார்ப்பாள். தேவதூதர் வந்தபிறகும் அந்தப் பிள்ளை அப்பாவை எப்படித் திரும்ப நம்பியிருக்கும். அதெல்லாம் வேண்டாம் டாக்டர், மாத்திரையே கொடுங்கள் என்றாள். மாத்திரைதான் மென்மையானது என்று நினைத்தாள். "சரி. ஆனா ஒண்ணு. ரொம்ப அபூர்வமா சில பேருக்கு இந்த மாத்திரை வெள்ளை அணுக்களைக் கொட்டவெச்சுடும். கிருமியோட சண்டை போடற அணுக்கள். காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண், எது வந்தாலும் அன்னிக்கே மாத்திரையை நிறுத்திட்டு, ரத்தம் குடுத்துட்டு, எனக்குப் போன் பண்ணுங்க. நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்காதீங்க." எமல்டா வீட்டுக்கு வந்து அதை ஒரு அட்டையில் எழுதினாள். இங்கிலீஷில், கூட்டெழுத்தில், சாய்வு மாறாமல், கொக்கி தப்பாமல், ஸ்டாப் என்ற சொல்லுக்கு அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு. அதே ஸ்கேல். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அவ்வளவு அழகான எழுத்து. மூன்று நாளாக அந்தக் கதவைத் திறந்து பால் எடுத்தாள், தயிர் எடுத்தாள், மாவு எடுத்தாள், அழகைப் பார்த்தாள், படிக்கவில்லை.

ஜியாமெட்ரி பாக்ஸ். எல்லாம் அந்த ஜியாமெட்ரி பாக்ஸால் வந்தது என்று சொல்லலாம், சொன்னால் மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும். பத்து நாள் முன்னால் பிள்ளையின் பென்சிலைச் சீவப்போன எமல்டாவின் கண்ணில் பட்டது: பாகைமானிக்கு அடியில், பஞ்சு சுற்றி, பதினொரு மாத்திரை. பதினொன்று. நாணயமும் முதல் நாள் பதினொரு தடவைதான் விழுந்தது, பிள்ளை எண்ணி வைத்துப் பழிவாங்குகிறது என்று ஒரு கிறுக்குத்தனமான நினைப்பு அந்த நிமிஷத்தில் வந்தது. "சாப்பிட்டா உடம்பெல்லாம் அரிக்குதும்மா, அதான்." "ஏன் சொல்லலை?" "சொன்னா நம்பமாட்டே." அன்றிலிருந்து மாத்திரை வேளை என்பது ஒரு மல்யுத்தம். காலையில் சமையல்மேடைக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் பிள்ளையை நிறுத்தி, இடது கையால் தாடையைப் பிடித்து, வலது கையால் மாத்திரையை நாக்கின் அடிப்பக்கம் வரை தள்ளி, தம்ளரைப் பல்லில் மோதி, தண்ணீரை ஊற்றி, மூக்கைப் பிடித்து, தொண்டை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, "ஆ காட்டு." ஆ காட்டும். இடது ஆள்காட்டி விரலை விட்டு நாக்கைத் தூக்கிப் பார்ப்பாள், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே தேடுவாள். சரி, போ. ஞாயிற்றுக்கிழமை, "தொண்டை வலிக்குது, முழுங்க முடியலை." "நேத்து அரிப்பு, இன்னிக்குத் தொண்டையா? நாளைக்கு என்ன, கால் முடமா?" ஆ காட்டு. திங்கட்கிழமை தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. ஆ காட்டு. மூன்று நாளும் ஒவ்வொரு வேளையும் அந்தத் தொண்டைக்குள் குனிந்து, விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். உலகத்தில் வேறெந்தத் தாயும் தன் பிள்ளையின் தொண்டையை அவ்வளவு தடவை பார்த்திருக்க மாட்டாள். மாத்திரையைத் தேடினாள். தொண்டையைப் பார்க்கவில்லை. சிவப்பாக இருந்ததா? இருந்திருக்கும். வெள்ளையாக ஏதாவது? நினைவைப் பிடித்து உலுக்கினாள், வாயைப் பிளந்து விரலை விட்டுத் தேடினாள், அங்கே மாத்திரை இல்லை என்கிற திருப்தி மட்டும்தான் இருந்தது. இன்று காலை ரெனிட்டா கடித்துவிட்டாள். பல் இறங்கினதும் எமல்டாவின் வலது கை பறந்துபோய்க் கன்னத்தில் விழுந்தது, கணக்கே இல்லாத அடி, பிள்ளை ஃபிரிட்ஜில் மோதி அந்த அட்டை ஒருபக்கம் பிய்ந்து தொங்கியது. ஓங்கின கை அப்படியே கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. எடுக்க வரவில்லை. தோசைக்கல். அடித்த கைதான் முதலில் தெரிந்துகொண்டது, இந்தப் பிள்ளை கொதிக்கிறது என்று. கண்ணுக்குத் தெரியவில்லை, காதுக்குத் தெரியவில்லை, மூன்று நாள் சொன்ன வாயால் தெரியப்படுத்த முடியவில்லை, கைக்குத் தெரிந்தது. தெர்மாமீட்டர் நூற்று மூன்று காட்டியது. மாத்திரை அதற்குள் இறங்கிவிட்டிருந்தது. பிய்ந்து தொங்கின அட்டையை எமல்டா அப்போதுதான் படித்தாள்.

போன் அடித்தது. சேசுராஜ். பின்னால் இரும்பு அடிக்கிற சத்தம். "லீவு சொல்லிட்டு வரவா?" "வந்து?" "இல்ல, கூட இருக்கலாம்ல." "கூட இருந்து என்ன செய்வீங்க, என் கையைப் பிடிச்சுக்குவீங்களா?" "பிடிச்சிருக்கணும்" என்றார் அவர், மெதுவாக. அவள் போனை வைத்துவிட்டாள். இருபது வருஷத்தில் அந்த மனுஷன் திருப்பிச் சொன்ன முதல் வார்த்தை. அதுவும் சரியான வார்த்தை. பிப்ரவரியில், புனித பிளாசியார் திருநாள் பூசையில், பாதர் இரண்டு மெழுகுவர்த்தியைக் குறுக்காகக் கட்டி ஒவ்வொருத்தர் கழுத்திலும் வைத்துத் தொண்டை நோய் அண்டாமல் ஆசீர்வதித்துக்கொண்டு வந்தார். ரெனிட்டாவின் முறை வந்ததும் பிள்ளை கழுத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டது. "இங்க என்னமோ துடிக்குதும்மா, தொட்டா பயமா இருக்கு." பின்னால் வரிசை நின்றது. எமல்டா பிள்ளையின் பின்கழுத்தில் கைவைத்து, சத்தம் வராத மாதிரி, நகம் பதியக் கிள்ளி, முகத்தை மெழுகுவர்த்திக்குள் தள்ளினாள். ஆசீர்வாதம் கிடைத்தது. அப்போதே துடித்திருக்கிறது. பிப்ரவரியிலிருந்தே சொல்லியிருக்கிறது. சொன்னதையெல்லாம் ஒரு வரிசையாக வைத்துப் பார்த்தால், துடிக்குது, கை அதுவா ஆடுது, அரிக்குது, வலிக்குது, அந்தப் பிள்ளை ஒரு பொய் சொன்னதில்லை. கதவு இடுக்கு ஒன்றைத் தவிர. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நாலு நாற்காலி தள்ளிப் போனாள். நீட்டினாள். ரெனிட்டா பாட்டிலைப் பார்க்கவில்லை, பாட்டிலைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். தோள் ஒரு அங்குலம் சுருங்கியது. அவ்வளவுதான். எமல்டா பாட்டிலை நடு நாற்காலியில் வைத்துவிட்டுத் திரும்ப வந்தாள். கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் பக்கத்தில் வந்தாலே தன் தோள் அப்படித்தான் சுருங்கும், சாக்பீஸ் கொடுக்க வந்தால்கூட. அந்தச் சிஸ்டர் செத்துப்போன செய்தி வந்த அன்று இவள் ஒரு கிலோ மட்டன் வாங்கிச் சமைத்தாள். ஏன் என்று சேசுராஜ் கேட்டதற்குச் சும்மா என்றாள். நாளைக்கு ஒருநாள் ரெனிட்டாவின் வீட்டிலும் மட்டன் வேகும். வேகட்டும். அதற்கு அவள் உயிரோடு இருக்க வேண்டும். இருக்கட்டும், என்னை வெறுத்துக்கொண்டு எழுபது வருஷம் இருக்கட்டும் என்று எமல்டா யாரிடமோ, மாதாவிடமா, ஜன்னலுக்குள் சுற்றிக்கொண்டிருந்த மெஷினிடமா, பேரம் பேசினாள்.

"ரெனிட்டா மேரி." வளர்மதி தாளை நீட்டினாள். கூப்பிட்ட குரலிலேயே எமல்டாவுக்குப் பாதி தெரிந்துவிட்டது. நல்ல ரிப்போர்ட்டை இப்படி இரண்டு கையாலும் பிடித்துக் கொடுக்க மாட்டார்கள். "டாக்டருக்கும் அனுப்பிட்டோம்க்கா. ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தோம்." வெள்ளை அணுக்கள், ஆயிரத்து எழுநூறு. பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி. அதற்கடியில் இன்னொரு வரி, அவற்றில் நியூட்ரோபில் வகை ஒன்பது சதவீதம், அதற்கும் ஒரு அம்புக்குறி. போன் அடித்தது. டாக்டர் தில்லைநாயகி. முதல்முறையாக அவர் பேச்சில் அவசரம் இருந்தது. "பார்த்துட்டேன். வெள்ளை அணுலயே முன்னால நின்னு சண்டை போடறது அந்த நியூட்ரோபில்தான், அது நூத்தம்பதுதான் இருக்கு. ஐநூறுக்குக் கீழே போனாலே நாங்க பயப்படுவோம். அந்த மாத்திரை இனி இந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் கிடையாது. எப்பக் கடைசியா குடுத்தீங்க?" "காலையில" என்றாள் எமல்டா. "ஏழரைக்கு. நான்தான் குடுத்தேன். வாயைப் பிளந்து." டாக்டர் அங்கே யாரையோ கூப்பிட்டு ஒரு ரூம் ஒதுக்கச் சொன்னார். "நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. தனி ரூம் சொல்லிட்டேன், வந்ததும் ஊசி மருந்து ஆரம்பிக்கணும். மாத்திரையை நிறுத்தினா பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாள்ல அணு திரும்பி வரும், அதுவரைக்கும் காப்பாத்தணும். அப்புறம் ஆபரேஷன் பத்திப் பேசுவோம். இப்ப முதல்ல எனக்கு ஒண்ணு தெரியணும். மூச்சு விடக் கஷ்டப்படறாளா? தொண்டையில வெள்ளையா, சாம்பலா படலம் மாதிரி இருக்கா? ஆம்புலன்ஸ் அனுப்பணுமான்னு நான் முடிவு பண்ணணும். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

எமல்டா போனை ஸ்பீக்கரில் வைத்து டார்ச்சைப் போட்டாள். நாலு நாற்காலி. அதைக் கடந்து போய், நிற்காமல், பிள்ளையின் காலடியில் தரையில் மண்டியிட்டாள். பெரியவர் டப்பாவோடு எழுந்து கொஞ்சம் விலகி நின்றார். ரெனிட்டாவின் கன்னத்தில் நாலு விரலும் இன்னும் இருந்தன, ஒவ்வொன்றும் தனித்தனியாக, சாய்வு மாறாமல். டார்ச் வெளிச்சம் முகத்தில் பட்டதும் பிள்ளை உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கவ்விக்கொண்டது. இரண்டு கையாலும் தாடையை மூடிக்கொண்டது. விரல்கள் ஆடின. முன்பளவுக்கு இல்லை, மாத்திரை அந்த ஒரு நல்லதையாவது செய்திருந்தது. எமல்டாவின் வலது கை பழக்கத்தில் தாடையை நோக்கிப் போனது, பாதி வழியில் அதை அவளே பார்த்துவிட்டாள். பிடித்து இழுத்து, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இடுப்புப் புடவைக்குள் செருகினாள். இடது கையில் போன், அதன் வெளிச்சம், கடிபட்ட விரல். "ரத்தம் சொல்லிடுச்சு, ரெனி" என்றாள். "நீ முன்னாடியே சொன்னே. நீ சொன்னது எல்லாம் நிஜம். கதவு இடுக்குன்னு சொன்னியே, அது மட்டும்தான் பொய்." பிள்ளையின் கண் அசையவில்லை. மூக்கு விடைத்து மூடிற்று, விடைத்து மூடிற்று, அந்தக் காற்றில் ஒரு சின்ன விசில் சத்தம் இருந்ததா, மீன்தொட்டியின் மோட்டாரா. போனுக்குள்ளிருந்து டாக்டர், "பார்த்தீங்களா? என்ன தெரியுது?" என்றார். "கை வைக்கமாட்டேன். இங்க பாரு, பின்னாடி இருக்கு. நீயா திறந்தாப் போதும், தூரத்துல இருந்தே பார்க்கறேன்." டிவியில் தாளித்து முடித்துவிட்டார்கள். போனுக்குள்ளிருந்து மறுபடியும், "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?"

"ஒரே ஒரு தடவை, கண்ணு. ஆ காட்டு."